‘ஆறுதல்’ என்னும் சொல்: கேள்வி பதில்

கோலாலம்பூர் வாசகர்கள் ‘ஆறுதல்’ என்ற சொல்லின் பொருளையும் பிறப்பையும் குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

செந்தூல் வாசகி: ஐயா, இச்சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன?

வெம்மை தணிதல். சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது என்று உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒரே வினையைத் தமிழ் வழங்குகிறது. ஔவையாரின் ‘ஆறுவது சினம்’ நாம் சிறு வயதிலேயே கற்றதுதான். தானே தணிவது ஆறுதல், தணியச் செய்வது ஆற்றுதல். ஆகவே மாமாக் கடையில் தேநீரை உயரத் தூக்கி ஆற்றுபவரும், துக்க வீட்டில் அழுபவரை ஆற்றுபவரும் செய்வது ஒரே வினையே.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: நீரோடும் ஆறு குளிர்ச்சி தருவதால்தான் இச்சொல் பிறந்ததா?

கேட்க இனிமையாக இருப்பினும் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நதியைக் குறிக்கும் சொல்லின் பழைய வடிவம் ‘யாறு’. ‘மல்லற் பேர்யாற்று’ என்று புறநானூற்று 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் பாடுகிறார். தெலுங்கில் நதி ‘ஏரு’ எனப்படுகிறது. ஆனால் நெருப்பு அணைதலையும் ஈரம் உலர்தலையும் குறிக்கும் சொல் அங்கே ‘ஆரு’ என்றே நிற்கிறது. கன்னடத்திலும் மலையாளத்திலும் இவ்வினைக்கு உறவுச் சொற்கள் உள்ளன. ஒலியால் இன்று ஒன்றாகிவிட்ட இவ்விரண்டும் வேர் வேறான சொற்கள்.

செராஸ் ஆசிரியை: காலை உணவு உண்பதை நாம் ‘பசியாறுதல்’ என்கிறோம். தமிழ்நாட்டு உறவினர்கள் வியக்கிறார்கள். இது பிழையான வழக்கா?

பிழையே அன்று, அம்மா. பசியும் ஒரு வெம்மைதான். வயிற்றுத் தீ என்றே நம்மவர் சொல்வர். எவ்வேளை உணவுக்கும் பொருந்தும் சொல்லை மலேசியத் தமிழர் காலை உணவுக்கே சிறப்பாக உரிமையாக்கிக்கொண்டனர். ‘பசியாறிவிட்டீர்களா?’ என்று விசாரிப்பதில் உள்ள பரிவு ‘சாப்பிட்டீர்களா?’ என்பதில் இல்லை என்றே நான் கருதுகிறேன். மாணவர்களின் கட்டுரைகளில் இதைத் திருத்தாதீர்கள்.

அம்பாங் வாசகர்: ‘சாந்தி’யும் இதே பொருள்தானா?

அது வடசொல், அடங்குதல், அமைதியுறுதல் என்னும் பொருளுடைய ‘சம்’ என்ற வேரிலிருந்து வந்தது. வெம்மை தணிதல் என்ற பொருள் அதில் முதன்மையன்று.

கெப்போங் வாசகி: ‘ஆறுதல், தேறுதல்’ என்று ஏன் இணைத்துச் சொல்கிறோம்?

துயரின் கொதிப்பு அடங்குவது ஆறுதல். அதன்பின் மனம் தெளிந்து வலுப்பெறுவது தேறுதல். நோயுற்றவர் உடல் தேறினார் என்பதும் இப்பொருளில்தான். ஆதலால் இழப்பு நேர்ந்த மறுநாளே எழுதும் மடலில் ‘ஆறுதல்’ பொருந்தும். ‘தேறுதல்’ சில வாரங்கள் கழித்து எழுதும் மடலுக்கு உரியது.