வீட்டுச் சமையல் வருமானத்தை மறைத்து யுனிவர்சல் கிரெடிட் எடுத்திருந்தால்

கேள்வி (லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி): கணவர் வெயார்ஹவுஸில் வேலை செய்கிறார். வாடகைக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமாக யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரச உதவித்தொகை) எடுக்கிறோம். ஒன்றரை வருசமாக நான் வீட்டிலிருந்து ரோல்ஸ், பட்டிஸ், சோற்றுப் பார்சல் செய்து கொடுக்கிறேன். மாதம் 500 பவுண் அளவில் வரும். இதைப் பதியவில்லை. இப்போது சொன்னால் சிறையா?

பதில்: டிடபிள்யூபியிடமிருந்து (இந்த உதவித்தொகையைத் தரும் அரச திணைக்களம்) விசாரணைக் கடிதமோ, பாங்க் ஸ்டேட்மென்ட் கேட்டுச் செய்தியோ ஏற்கெனவே வந்துவிட்டதா? வந்திருந்தால் பதில் எழுதுமுன் உடனே சொலிசிட்டர் ஒருவரைப் பாருங்கள். எச்சரிக்கையுடன் கூடிய நேர்காணலுக்கு (நீங்கள் சொல்வது வழக்கில் சாட்சியமாகக்கூடிய விசாரணை) அழைத்தால் சொலிசிட்டரோடு போக உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். மைத்துனியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். ஒன்றும் வராத நிலையில் நீங்களாகச் சொல்வதற்குத்தான் மதிப்பு அதிகம். அதற்காக வழக்கு வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் வழக்குப் போனாலும் இந்த அளவுத் தொகைக்குச் சிறை வழக்கமான முடிவல்ல.

பலர் தடுமாறுவது கணக்கில். “மாதம் 500” என்று எழுதிவிடாதீர்கள்; அது விற்பனை, வருமானம் அல்ல. வீட்டுக்கு வாடகை உதவியும் பிள்ளைகளும் இருந்தால் 2025-26இல் குடும்பத்துக்கு ஒரேயொரு வேலைச் சலுகை (உதவித்தொகை குறையாமல் உழைக்கக்கூடிய தொகை), மாதம் 411 பவுண். கணவரின் சம்பளமே அதைத் தின்றுவிடும். எனவே உங்கள் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறையும். 500 என்றால் மாதம் 275. 18 மாதத்துக்கு 4,950; கூடுதலாக எடுத்ததற்காகத் திருப்பிக் கட்டவேண்டிய கடன் இது. இறைச்சி, எண்ணெய், பெட்டி என்று மாதம் 150 உண்மையாகச் செலவானால் மிச்சம் 350. அப்போது கடன் 3,465. ரசீது தேடும் ஒரு பின்னேரத்துக்கு 1,485 பவுண் பெறுமதி!

காரில் டெலிவரி செய்தால் மைலுக்கு 45 பென்ஸ் கழிக்கலாம் (மாதம் 833 மைல் வரை). வீட்டில் மாதம் 25 முதல் 50 மணித்தியாலம் வேலை செய்தால் 10 பவுணும், 50க்கு மேல் 100 வரை 18 பவுணும் கழியும். வருமான வரியில் உள்ள 1,000 பவுண் வியாபாரச் சலுகை இங்கே செல்லாது. அதை நம்பி “நான் சொல்லத் தேவையில்லை” என்று இருந்தவர்கள் நிறையப் பேர்.

கணக்கைக் காலண்டர் மாதப்படி போடாமல், உங்கள் மதிப்பீட்டுக் காலப்படி (உதவித்தொகை கணக்கிடப்படும் மாதம்), உதாரணமாக 17ஆம் திகதியிலிருந்து அடுத்த 16 வரை, பிரித்துப் போடுங்கள். சாமத்திய வீட்டுக்குச் செய்த பெரிய ஓடரின் காசு கைக்கு வந்த காலத்திலேயே சேரும்.

பிறகு உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் மாற்றம் அறிவிக்கும் பகுதியிலும் ஜேர்னலிலும் (செய்தி எழுதும் பக்கம்) பதியுங்கள்: எப்போது தொடங்கியது, காலவாரியாக வரவு, செலவு, இனித் தொடருமா. தெரிந்தே விட்டதைத் “தெரியாது” என்று எழுதவேண்டாம். அப்படி எழுதியது பின்னால் வழக்கில் வரும். இது கூட்டு விண்ணப்பம், கடனை உங்கள் இருவரிடமிருந்தும் அறவிடலாம். ஆகவே கணவருக்குத் தெரியாமல் செய்யமுடியாது. விண்ணப்பத்தை மூடினாலும் கடன் போகாது.

கவனக்குறைவு என்று கண்டால் 50 பவுண் அபராதம். வழக்குக்குப் பதிலாக நிர்வாக அபராதம் தந்தால் அது கடனில் பாதி (குறைந்தது 350, கூடியது 5,000), கடனுக்கு மேலதிகமாக. கையெழுத்திட்டபின் மனம் மாற 14 நாள் உண்டு. ஏற்றால் 4 வாரம் உதவித்தொகையும் பாதிக்கப்படும். பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருப்பவர்கள் எதையும் ஒப்புக்கொள்ளுமுன் குடிவரவு ஆலோசனை எடுக்கவேண்டும்.

கவுன்சில் டாக்ஸ் குறைப்பு எடுத்தால் கவுன்சிலுக்குத் தனியாகச் சொல்லுங்கள். வருசம் 1,000 பவுணுக்கு மேல் விற்பனை என்பதால் வரித் திணைக்களத்திலும் சுயதொழிலாகப் பதியவேண்டும். உணவு வியாபாரத்தைக் கவுன்சிலில் பதிவது இலவசம், அதையும் விடாதீர்கள். சீட்டுக் காசு எடுத்துக் கணக்கில் 6,000 பவுண் தாண்டியிருந்தால் அதுவும் சேமிப்பாக எண்ணப்படும். அதையும் இப்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மீளச் செலுத்தும் தொகை பொதுவாக அடிப்படைக் கொடுப்பனவின் 15 சதவீதம் வரை மாதாமாதம் கழியும்; மோசடி என்று முடிவானால் கூடலாம். முடிவுக் கடிதம் வந்ததும் ஒவ்வொரு மாதத்தையும் உங்கள் தாளோடு ஒத்துப் பாருங்கள். செலவைக் கழிக்காமல் போட்டிருந்தால் ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை (முடிவை டிடபிள்யூபியே திரும்பப் பார்ப்பது) கேட்கவேண்டும்.