சூரனைக் கொன்றுவிட்டாரா முருகன்?

"கந்த சஷ்டி என்பது முருகன் சூரனைக் கொன்றதைக் கொண்டாடும் விழாதானே, அதற்கு எதற்கு ஆறு நாள் விரதம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கதையைக் கடைசி வரை கேட்டால் சூரன் சாகவே இல்லை. கடலில் மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயிலாகவும் மறு பாதி சேவலாகவும் சீறி வர, முருகன் மயில் மேல் ஏறிக்கொள்கிறார், சேவலைக் கொடியில் வைத்துக்கொள்கிறார். முருகனைக் கும்பிடும்போது அவர் பக்கத்தில் நிற்கும் சூரனையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறோம்.

விரதம் ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும். தீபாவளி முறுக்கும் அதிரசமும் டப்பாவில் அப்படியே இருக்கும், எங்கள் ஆச்சி பாலும் பழமுமாக ஆறு நாளை ஓட்டுவார். சிலர் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவார்கள். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று மிளகு விரதம் இருப்பவர்களும் உண்டு. 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பதை ஆச்சி 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்றுதான் சொல்வார். இங்கே அகப்பை என்றால் கருப்பை. அடுப்படிப் பழமொழிதான், ஆனால் பிள்ளை வரம் வேண்டி விரதம் இருக்கிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதைத் திருச்செந்தூர்க் கோயில் வளாகத்தில் பாய் விரித்துக் கிடப்பவர்களிடம் பேசினால் தெரியும்.

ஆறாம் நாள் சாயங்காலம் திருச்செந்தூர் முருகனின் உற்சவர் ஜெயந்திநாதர் கடற்கரைக்கு எழுந்தருளுவார். சூரனின் உடல் ஒன்றுதான், தலைதான் மாறும். முதலில் யானைத் தலையோடு வந்து சாமியைச் சுற்றுவான். வேல் பட்டதும் தலையைக் கழற்றிவிட்டுச் சிங்கத் தலையை மாட்டுவார்கள். அப்புறம் சூரனின் சொந்த முகம், கடைசியில் மாமரம். கழுத்துக் குச்சியில் அடுத்த தலையைச் செருகும் அந்தச் சில நொடிகள் வெறும் முண்டம் ஆடிக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் எனக்கு அதுதான் பயம். வேல் விழும்போதெல்லாம் எழும் 'அரோகரா'வில் அலைச் சத்தமே கேட்காது.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் போருக்கு நடுவே ஓர் இடம் உண்டு. முருகன் தன் பேருருவைக் காட்டுகிறார். பார்த்த சூரனுக்கு மனசு இளகிவிடுகிறது. இவரைச் சுற்றி வர வேண்டும், கை தொழ வேண்டும், தலை தாழ வேண்டும், இவருக்கு ஆளாகி வாழ வேண்டும் என்றெல்லாம் நினைக்கிறான். அப்புறம் ஒரே வரி: 'தடுத்தது மானம் ஒன்றே'. விழ வேண்டிய கால் எது என்று தெரிந்த பிறகும் விழ முடியவில்லை.

சஷ்டியின் பொருளாக நான் பிடித்துக்கொண்டது இந்த வரியைத்தான். பூர்வீக வீட்டுச் சுவர் விஷயத்தில் அண்ணனும் நானும் மூன்று வருஷம் பேசாமல் இருந்தோம். தப்பு என் பக்கம் என்று எனக்கு முதல் வருஷமே தெரியும். ஒரு சஷ்டியின்போது இந்தப் பாட்டை வாய்விட்டுப் படித்தேன், அந்த வரிக்கு மேல் குரல் எழவில்லை. பசித்த வயிறோடு ஆறு நாள் இருந்தால் வீறாப்பு கொஞ்சம் தளரும், அது நிஜம். ஏழாம் நாள் திருக்கல்யாணம் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி இலை போட்டார். சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

திருச்செந்தூர் போவதாக இருந்தால் சம்ஹாரம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அன்று கோயிலுக்குத் திரும்பும் ஜெயந்திநாதருக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் அவர் உருவத்துக்கு அபிஷேகம் செய்வார்கள். சாயாபிஷேகம் என்று பெயர். கூட்டம் பெரும்பாலும் கடற்கரையோடு கலைந்துவிடும், கொஞ்சம் பொறுத்து நின்று அதையும் பாருங்கள்.