வெள்ளைக் கண்ணாடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க இலக்கிய விமர்சகர் ஈவ் கோசோஃப்ஸ்கி செட்ஜ்விக் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, எங்கள் வாசிப்பு வட்டத்தில் அவருக்காக ஓர் அமர்வு நடத்தலாம் என்றேன். இரண்டு எதிர்ப்புகள் வந்தன. ஓர் ஆணை மணந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த பெண்ணுக்குத் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றி எழுத என்ன உரிமை என்பது ஒன்று. பல்கலைக்கழகத்துக்கு வெளியே அவரால் யாருக்கு என்ன பயன் என்பது இன்னொன்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அமர்வுக்கு எதை எடுத்துக்கொள்வது என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதலாவது எரிச்சலூட்டுகிறது, கொஞ்சம் ஆறட்டும்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஜோசப் அகன்ஃபோரா என்ற இளைஞர் எட்டாம் வகுப்புக்குப் புவி அறிவியல் நடத்திக்கொண்டிருந்தார். அவர் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும் வகுப்பறையிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் ஊடகங்களிடம் பேசினார், வழக்கும் போட்டார். ஊடகங்களில் அளவுக்கு மீறிப் பேசித் தன்மீது கவனத்தை இழுத்துக்கொண்டார் என்று சொல்லிக் கீழ் நீதிமன்றம் அவரைக் கைவிட்டது. மேல்முறையீட்டில், பேசியது அவருடைய உரிமைதான் என்றார்கள். ஆனால் கல்லூரிக் காலத்தில் தன்பாலீர்ப்பு மாணவர் அமைப்பில் பொறுப்பு வகித்ததை வேலை விண்ணப்பத்தில் அவர் எழுதவில்லையாம். அதனால் அங்கும் தோல்வி. முதல் தீர்ப்புக்குச் சொன்னது குற்றம், இரண்டாவதற்குச் சொல்லாதது குற்றம்.

மறைந்து வாழ்வதை ஆங்கிலத்தில் 'அலமாரிக்குள் இருப்பது' என்பார்கள். ஒருநாள் துணிந்து கதவைத் திறந்து வந்துவிட்டால் விடுதலை என்றுதான் பொதுவாக நினைத்தார்கள். அலமாரியை ஓர் அறிவுப் பிரச்சினையாக ஆராய்ந்து செட்ஜ்விக் 1990இல் எழுதிய நூல், அகன்ஃபோராவின் வழக்கை வைத்தே அந்த நினைப்பைக் குலைத்தது. புதிய வகுப்பு, புதிய மேலதிகாரி, கடன் தரும் வங்கிக்காரர், வீட்டுக்காரர், மருத்துவர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் அலமாரி மறுபடி முளைக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டு நிற்கும்போது எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று கணக்குப் போட்டவர்களுக்கு இது பல்கலைக்கழகச் சமாச்சாரம் இல்லை.

அதே நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பிரெஞ்சு அதிபர் மித்தரானுக்கு ஆங்கிலம் தெரியும், அமெரிக்க அதிபர் ரேகனுக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவரும் பேச உட்கார்ந்தால் கற்றுக்கொண்ட மொழியில் தட்டுத்தடுமாற வேண்டியவர் யார்? தெரிந்தவர்தான். தெரியாதவர் தன் தாய்மொழியில் தாராளமாகப் பேசலாம். அறியாமை வெறும் வெற்றிடம் அல்ல, அது வலிமையும்கூட என்று சொல்ல அவருக்கு இந்த ஓர் உதாரணம் போதுமானதாக இருந்தது. 'எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா' என்று சிரித்தபடி கதவைச் சாத்தும் பெரிய மனிதர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரேகன் நினைவுக்கு வருகிறார்.

இனி உரிமை. அந்த நூலின் முன்னுரையில் அவர் வைக்கும் முதல் அடிப்படைக் கூற்று, மனிதர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபட்டவர்கள் என்பதுதான். இதைச் சொல்ல ஒரு பேராசிரியர் வேண்டுமா என்று நானும் முதலில் சிரித்தேன். பிறகுதான் புரிந்தது: யார் யாரை மணந்தார் என்பதை வைத்து ஒருவருடைய உள்ளத்தை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு எதிராகத்தான் அவர் அதை எழுதுகிறார். உங்கள் வட்டத்தின் கேள்வியும் அந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறது.

அமர்வுக்கு 'வெள்ளைக் கண்ணாடி' என்று பொருள்படும் தலைப்புள்ள அவருடைய கட்டுரையை எடுங்கள். 1986இல் ஓர் இலக்கிய மாநாட்டில், கனடாவில் வாழ்ந்த கவிஞரும் எய்ட்ஸ் செயல்பாட்டாளருமான மைக்கேல் லின்ச்சை முதன்முதலாகப் பார்க்கிறார். அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டகக் கண்ணாடி செட்ஜ்விக்கின் கண்ணிலேயே நிற்கிறது. அதேபோல் தனக்கும் வேண்டும் என்று தேடி அலைகிறார். கிடைத்த பிறகு, ஆண் முகத்தில் அத்தனை துணிச்சலாகத் தெரிந்த வெள்ளை பெண் முகத்தில் அப்படித் தெரியவில்லை என்பதையும் கவனிக்கிறார். எய்ட்ஸ் நோயால் நண்பர் விரைவில் இறந்துவிடுவார் என்று எண்ணி, அஞ்சலியாகத்தான் கட்டுரையைத் திட்டமிட்டார். ஆனால் 1991இல் அதை வாசிக்க எழுந்து நின்றபோது லின்ச் உயிரோடு இருந்தார், செட்ஜ்விக்குக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. யார் யாருக்கு அஞ்சலி எழுதுவது? அதே ஆண்டு லின்ச் இறந்தார். மார்பகப் புற்றுநோயால் செட்ஜ்விக் 2009 ஏப்ரல் 12 அன்று, 58 வயதில் இறந்தார். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு உரிமைச் சான்றிதழ் கேட்பவரோடு எனக்குப் பேச எதுவும் இல்லை.

பிற்காலத்தில் அவர் தன் வழியையே திரும்பிப் பார்த்தது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. எல்லாப் பிரதியிலும் ஒளிந்திருக்கும் அதிகாரத்தைத் தோண்டி வெளியே போடும் வாசிப்பை ஒரு தலைமுறைக்குக் கற்பித்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு சிண்டி பாட்டன் என்ற தோழி தன்னிடம் கேட்டதை அவரே எடுத்து முன்வைத்தார்: சதி நடந்தது உறுதி என்றே வைத்துக்கொள்வோம், ஏற்கெனவே தெரியாத எதை இப்போது தெரிந்துகொண்டோம்? சந்தேகத்தோடு மட்டும் படிக்காமல், அடிபட்ட மனம் ஒரு பிரதியிலிருந்து தனக்கு வேண்டிய ஊட்டத்தை எப்படிச் சேர்த்துக்கொள்கிறது என்றும் பார்க்கச் சொன்னார். மெலனி க்ளைனின் உளப்பகுப்பாய்விலிருந்து சொல்லெடுத்து அதைச் சீர்செய்யும் வாசிப்பு என்றார். கட்டுடைத்தே பேர் வாங்கிய நம் விமர்சகர்களுக்கு (பட்டியலில் நானும் உண்டு) இது கசக்கும்.

மறைந்தவரை எப்படி நினைவுகூர்வது என்பதை அவரிடமே கற்கலாம். கேரி ஃபிஷர் என்ற அவருடைய கறுப்பின மாணவர், வாழ்நாளில் எதையும் வெளியிடாமல் 1994இல் எய்ட்ஸால் இறந்தார். அவருடைய கதைகளையும் நாட்குறிப்புகளையும் தொகுத்து 1996இல் நூலாகக் கொண்டுவந்தவர் செட்ஜ்விக். முன்னால் நின்றது மாணவரின் பெயர்.

படத்துக்கு மாலை வேண்டாம். கட்டுரையை ஆளுக்கு ஒரு பத்தியாக உரக்க வாசியுங்கள். எதிர்த்த இருவரையும் முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.