மேல எறிஞ்ச பந்து உச்சியில நிக்கும்போது முடுக்கமும் ஜீரோ தானே?

இல்லைங்க, ஜீரோ ஆகாது. இந்த இடத்துல தான் நிறைய பசங்க மார்க்கை விடுறாங்க, ஏன்னா திசைவேகமும் முடுக்கமும் ஒண்ணுன்னே மனசுல பதிஞ்சிடுது. எவ்வளவு வேகமா எந்தப் பக்கம் போறோம்ங்கறது திசைவேகம், அது செகண்டுக்கு எவ்வளவு மாறுதுங்கறது முடுக்கம்.

பஸ்ல நின்னுட்டுப் போறப்ப கவனிச்சுப் பாருங்க. நேரான ரோட்டுல பஸ் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்துல ஒரே சீரா போகும்போது கம்பியைப் பிடிக்காமலே நிக்கலாம், வேகம் இருக்கு ஆனா முடுக்கம் ஜீரோ. டிரைவர் பிரேக் அடிச்சு 5 செகண்ட்ல நிறுத்துனா ஒவ்வொரு செகண்டும் வேகம் செகண்டுக்கு 4 மீட்டர் கணக்குல குறையுது, நம்ம உடம்பு பழைய வேகத்துலயே போகப் பாக்குது, முன்னாடி சாயுறோம். வளைவுல திரும்புறப்ப ஸ்பீடாமீட்டர் முள்ளு அசையாம இருந்தாலும் ஒரு பக்கமா தள்ளுதே, அங்க திசை மாறுது, அதுவும் முடுக்கம் தான், இதைத்தான் பலரும் மறந்துடுறாங்க.

இப்ப பந்துக்கு வருவோம். செகண்டுக்கு 9.8 மீட்டர் வேகத்துல நேரா மேல எறிஞ்சா, காத்துத் தடையை விட்டுட்டுப் பாத்தா, 1 செகண்ட்ல திசைவேகம் ஜீரோ, அடுத்த செகண்ட் முடியறப்ப கீழ்நோக்கி அதே 9.8. உச்சியிலயும் பூமி இழுக்கறதை நிறுத்தல, கீழ்நோக்கி முடுக்கம் அப்படியே இருக்கு. அங்க அதுவும் ஜீரோ ஆச்சுன்னா பந்து கீழ வராம அந்தரத்துலயே நிக்கணும்.