இலுப்பைப்பூவும் இருந்த ஆலையும்

அன்பின் ஐயாவுக்கு,

அமெரிக்காவின் 2009ஆம் ஆண்டுக் காலநிலைச் சட்டமூலத்தைப் பலவீனமானதென்று எதிர்த்த சூழலியலாளர்களைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை அல்லவா? அரைகுறையாக வந்திருந்தாலும் பிறகு திருத்தியிருக்கலாமே?

– ஒரு வாசகர், கோண்டாவில்

அன்பின் தம்பிக்கு,

அந்த ஊரில் ஆலை இருந்தது என்பதே என் வாதம். தூய காற்றுச் சட்டத்தின் கீழ்ப் பச்சைவீட்டு வாயுக்களையும் அரசு கட்டுப்படுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இலேயே தீர்ப்பளித்திருந்தது. நீங்கள் சொல்லும் 2009ஆம் ஆண்டுச் சட்டமூலமோ (வக்ஸ்மன்–மார்க்கி என்பது அதன் பெயர்) அந்த அதிகாரத்தின் பெரும்பகுதியைப் பறிக்கவிருந்தது. உமிழ்வு அனுமதிகள் (இவ்வளவு வாயுவை வெளியிடலாம் என்று நிறுவனங்களுக்குத் தரும் உரிமம்) அனைத்தையும் ஏலத்தில் விற்பதாகத் தேர்தலின்போது ஒபாமா சொல்லியிருக்க, இதுவோ தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 85 சதவீதத்தை இலவசமாக வழங்கியதோடு, வேறெங்கோ காடு வளர்த்ததாகக் கணக்குக் காட்டி ஆண்டுக்கு 200 கோடி தொன் வரை உமிழ்வை ஈடுசெய்யவும் இடம் விட்டது. இதன் அடித்தளமே ஷெல், டியூக் எனர்ஜி போன்ற எண்ணெய், மின் நிறுவனங்கள் சில சூழலியல் அமைப்புகளோடு கூடி 2009 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் இருந்தது. (அந்த அமைப்புகள் உடனிருந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.)

உங்களுக்குப் பக்கத்துச் சுன்னாகத்தையே எடுங்கள். அங்கே மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்த கிணற்றில் அள்ளிய வாளியொன்றை நான் பார்த்திருக்கிறேன். மேலே பல நிறத்தில் படலம் மிதந்தது, தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொகை போதுமா என்பது வேறு கதை. ஆனால், கட்டணம் கட்டினால் வழக்கில்லை என்றொரு சட்டம் முன்பே வந்திருந்தால், அந்தத் தீர்ப்பும் வந்திராது.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. கீழ்ச்சபையில் 219க்கு 212 என்று நிறைவேறிய அச்சட்டமூலம் செனற் சபையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை; 2022 வரை பெரிய காலநிலைச் சட்டம் எதுவும் அங்கே வரவில்லை; நான் சொன்ன ஆலையையும், அதாவது தூய காற்றுச் சட்டம் தந்த அதிகாரத்தையும், அதே ஆண்டில் நீதிமன்றமே சுருக்கிவிட்டது. ஆயினும் பிறகு திருத்தலாம் என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். ஐரோப்பாவில் 2005இல் இலவசமாக அனுமதி பெற்ற மின் நிறுவனங்கள், காசு கொடுத்து வாங்கியவை போல அவற்றின் விலையையும் மின்கட்டணத்தில் ஏற்றி இலாபம் பார்த்தன. அந்தச் சலுகையை நிறுத்த 2013 வரை பிடித்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அப்போதும் நிறுத்த முடியவில்லை.