டோனர் வண்டி முதல் போல்ட் பை வரை: சிறிய கிட் கார் பட்டறை பற்றிக் கேள்வி பதில்

பேசுபொருள்: பிரிட்டனில் ஆண்டுக்குப் பதினைந்து, இருபது கிட் (வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் கார்ப் பாகத் தொகுப்பு) விற்கும் சிறு பட்டறை. ‘செவன்’ பாணி இரண்டு இருக்கை வண்டி, ஸ்டீல் குழாய் சேசிஸ் (அடிச்சட்டம்), ஃபைபர் பாடி, ‘டோனர்’ எனப்படும் பாகம் கொடுக்கும் வண்டியாக ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, அதிலிருந்து எஞ்சினும் கியர்பாக்ஸும். பதில்கள் எல்லாம் இந்த வகை வண்டியை மனதில் வைத்தே.

கவென்ட்ரியிலிருந்து: கிட்டாக வாங்கினால் வரி மிச்சம் என்பார்களே, அது இன்னும் உண்டா?

இல்லை. 1957இல் லோட்டஸ் செவன் வந்த காலத்தில் முழு வண்டிக்குக் கொள்முதல் வரி இருந்தது, பாகங்களாக விற்றால் இல்லை. கட்டும் விளக்கம் சேர்த்தால் வரி விழும் என்பதால் கழற்றும் விளக்கத்தைக் கொடுத்து ‘தலைகீழாகப் படித்துக்கொள்’ என்றார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973 ஏப்ரல் 1 முதல் வாட் வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. இன்று வாங்குபவர் மலிவுக்காக வருவதில்லை. தன் கையால் ஒரு வண்டியைக் கட்ட வேண்டும் என்றுதான் வருகிறார். அவர் பாதியில் நின்றால் அது உங்கள் தோல்வி. கிட்டின் விளக்கப் புத்தகமும் போல்ட் பையும் சேசிஸ் அளவுக்கே முக்கியமான சரக்குகள்.

லூட்டனிலிருந்து: அண்ணா, என்னுடைய முதல் சேசிஸ் நேராக வந்தது. இரண்டாவது மூலைவிட்டத்தில் 7 மி.மீ. வித்தியாசம். அதே வெல்டர், அதே குழாய். எங்கே தப்பு?

ஜிக்கில் (வெல்டு செய்யும்போது குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்) தப்பு, அல்லது ஜிக்கிலிருந்து அவசரப்பட்டு எடுத்ததில். 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. சுவர் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வெல்டும் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சேசிஸ் வாழைப்பழம் மாதிரி வளையும்.

முதலில் எல்லா மூட்டிலும் டேக், அதாவது சின்னப் பொட்டு வெல்டு மட்டும் போடுங்கள். மூலைவிட்டங்களை அளந்து 2 மி.மீ.க்குள் இருந்தால் மட்டுமே முழு வெல்டுக்குப் போகலாம். பிறகு இடது முன்பக்கம் ஒன்று, வலது பின்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி. வெட்டும்போது மூட்டில் இடைவெளி அரை மி.மீ.க்கு மேல் வேண்டாம். இடைவெளியை வெல்டால் நிரப்பினால் சூடும் கூடும், சுருக்கமும் கூடும்.

சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளைக் கடைசியில், ஜிக்கில் பூட்டிய டம்மி தண்டில் கோத்தபடியே வெல்டு செய்யுங்கள். முழுதும் ஆறும்வரை கிளாம்பைக் கழற்றக் கூடாது. சூடாக இருக்கும்போதே எடுத்தால் மிச்சச் சுருக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடியும். ஒரு சேசிஸை நேராகச் செய்யக் கைத்திறன் போதும். இருபதாவதை முதலாவது போலவே செய்ய ஜிக் வேண்டும். ஆகவே முதலீட்டில் நல்ல வெல்டிங் மெஷினுக்கு முன்னால் தட்டையான, கனத்த ஸ்டீல் மேசை.

பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் முன் எல்லா மரையையும் அடைத்துவிடுங்கள். சீட் பெல்ட் மாட்டும் இடம் 7/16 அங்குல யுஎன்எஃப் மரை. அதில் பெயின்ட் புகுந்து, வாடிக்கையாளர் மல்லுக்கட்டி மரையைக் கெடுத்தால், வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும். எர்த் கொடுக்கும் இடத்தையும் மூடி அனுப்புங்கள். ‘புது வண்டி, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை, விளக்கு மங்கல்’ என்று வரும் அழைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட்டுக்கு மேல் முடுக்கிய எர்த் வயரைத்தான்.

பிரிஸ்டலிலிருந்து: எம்எக்ஸ்-5இல் எதை எடுப்பது, எதை விடுவது?

பாடி துருப்பிடித்து மதிப்பிழந்தும் எஞ்சின் நன்றாக ஓடும் வண்டி என்பதால்தான் இது நல்ல டோனர். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹப், பிரேக், ஸ்டீயரிங் ரேக், வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும்.

ஒரு சிக்கல்: கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீள அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அதை வைத்துக்கொண்டால் மூல வண்டியின் 2,265 மி.மீ. வீல்பேஸுக்கு (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) நீங்கள் கட்டுப்பட்டவர். எடுத்துவிட்டால் கியர்பாக்ஸின் வாலுக்குத் தாங்கல் கிடையாது. தனி மவுன்ட் வடிவமைக்க வேண்டும், டிஃபரன்ஷியல் மூக்கையும் பிடிக்க வேண்டும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சமன்படுத்த வேண்டும். முதல் வரைபடம் போடும் முன்பே இதை முடிவு செய்யுங்கள்.

வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து: ஜெல்கோட் முதலைத் தோல் போலச் சுருங்கிப்போகிறது. மோல்டு புதிது, மெழுகு நன்றாகப் போட்டேன்.

மெழுகின் குற்றமில்லை. ஃபைபர் பாடியின் பளபளப்பான வெளி அடுக்கான ஜெல்கோட் மெல்லியதாக இருந்தாலோ, அது சரியாக இறுகும் முன் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டாலோ, பின்னால் ஊற்றும் ரெசினிலுள்ள ஸ்டைரீன் ஜெல்கோட்டை ஊறவைத்து உப்பச் செய்கிறது. ஈரமாக இருக்கும்போதே சீப்பு அளவி வைத்து 0.5 மி.மீ. இருக்கிறதா பாருங்கள். மூலைகளில் பிரஷ் தேய்த்து மெலியும், சுருக்கம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். விரல் வைத்தால் ஒட்ட வேண்டும், ஆனால் நிறம் விரலில் வரக் கூடாது. அப்போது மேட் போடலாம்.

20 டிகிரி வெப்பத்தில் கிலோவுக்கு 20 கிராம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகச் செய்வது), அதாவது 2 சதவீதம். குளிருக்குப் பயந்து கூட்டுவதும் வெயிலுக்குப் பயந்து 1 சதவீதத்துக்குக் கீழே குறைப்பதும் வேண்டாம், அறையைச் சூடாக்குங்கள். 15 டிகிரிக்குக் கீழே வேலையே வேண்டாம். கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனியாக வாங்கினால் அதைக் கேட்டலிஸ்ட்டோடு நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு என்றால் சதுர மீட்டருக்கு 900 கிராம் கண்ணாடி இழை. ரெசின் அதைப் போல் இரண்டரை மடங்கு, 2.25 கிலோ. ஜெல்கோட் சுமார் 0.6 கிலோ. ஆக 3.75 கிலோ. எட்டு சதுர மீட்டர் பாடி செட் 30 கிலோவுக்கு அருகில் வர வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டு எழுதுங்கள். 36 கிலோ வந்தால் யாரோ ரெசினை வாளியால் ஊற்றுகிறார்கள்.

மோல்டிலிருந்து 24 மணி நேரத்துக்கு முன் எடுத்தால் பளபளப்புக்கு அடியில் மேட்டின் கோலம் தெரியத் தொடங்கும். காற்றிலுள்ள ஸ்டைரீனுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 100 பிபிஎம். கதவைத் திறந்து வைப்பது காற்றோட்டம் ஆகாது, உறிஞ்சும் விசிறி வையுங்கள்.

ஹாரோவிலிருந்து: அண்ணை, சில பேர் தாங்களே பூட்ட ஏலாது, முழுசாச் செய்து தாங்கோ எண்டு கேக்கினம். செய்து குடுக்கலாமோ?

கவனம். ஐவிஏ, அதாவது சாலையில் ஓட்டும் முன் ஒற்றை வண்டிக்கு நடக்கும் பிரிட்டன் சோதனையில் ‘அமெச்சூர் கட்டிய வண்டி’ என்ற பிரிவு, ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தானே கட்டியதற்கு உரியது. நீங்கள் காசு வாங்கி முழுவதும் கட்டினால் அந்தப் பிரிவில் போகக் கூடாது. அப்போது நீங்கள் பாகம் விற்பவர் இல்லை, வண்டி உற்பத்தியாளர். பொறுப்புக் காப்பீட்டு நிறுவனத்திடமும் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். படிப்படியாகக் கட்ட உதவும் வார இறுதி வகுப்பு நடத்தலாம். ஸ்பேனர் அவர் கையில் இருக்கட்டும்.

டெர்பியிலிருந்து: எங்கள் கிட்கள் ஐவிஏவில் எதில் தோற்கும்?

எஞ்சினில் அபூர்வம், விளிம்பில் அதிகம். 100 மி.மீ. உருண்டை தொடக்கூடிய வெளிப்புற விளிம்புகளுக்கு 2.5 மி.மீ. வளைவு ஆரம் வேண்டும். முன்சக்கர விங்கின் (மட்கார்டு) ஓரம், ஹெட்லைட் தாங்கி, வெளியே நீட்டிய போல்ட் தலை. இதற்கான ஓர ரப்பரையும் போல்ட் தொப்பிகளையும் கிட்டிலேயே எண்ணிப் போடுங்கள், தனியாக விற்காதீர்கள்.

அடுத்தது பிரேக். எம்எக்ஸ்-5 ஒரு டன்னை ஒட்டிய வண்டி, உங்களுடையது சுமார் 600 கிலோ. அதே பிரேக்கை அப்படியே வைத்தால் பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன் பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. முன், பின் பிரேக் விசையைப் பங்கிடும் பேலன்ஸ் பாரைச் சரிசெய்தபின் திரும்ப அசையாதபடி பூட்டியிருக்க வேண்டும்.

பவர் நீக்கிய ரேக்கில் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாததும் வழக்கமான தோல்வி. வண்டியின் மூக்கில் கனமில்லை, காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) போதவில்லை. பிராக்கெட்டிலேயே காஸ்டரைக் கூட்ட இடம் விட்டு வடிவமைத்தால் சோதனை நாளில் வாடிக்கையாளர் டயரில் காற்றைக் கூட்டிப் பார்த்துத் தவிக்க வேண்டாம். வண்டியை நிறுத்திவைத்து அளக்கும் ஒலி வரம்பு 99 டெசிபல்.

லெஸ்டரிலிருந்து: பதிவெண் எப்படி வரும்?

எல்லாமே புதுப் பாகம், ரசீது உண்டு என்றால் நடப்பு எண். உங்கள் புது சேசிஸோடு ஒரே டோனரின் இரண்டு முக்கிய பாகங்கள் இருந்தால் டோனரின் வயதுக்கேற்ற எண். நிரூபிக்க முடியாவிட்டால் வயது உறுதியாகாத வண்டிக்கான ‘கியூ’ எண், மறுவிற்பனையில் அடி. வாடிக்கையாளரின் ரசீதில் சேசிஸ் எண் அச்சாகியிருக்கட்டும்.

ரெடிங்கிலிருந்து: விலை 6,000 பவுண்ட், ஆர்டர் வரிசை நீளம், ஆனால் கையில் காசில்லை. ஏன்?

வாட் சேர்த்து 6,000 என்றால் 1,000 அரசுடையது. மீதி 5,000. உதாரணத்துக்குப் பொருள் 2,600, எழுபது மணி நேர வேலை மணிக்கு 25 வீதம் 1,750 என்று வைத்தால் 650தான் மிஞ்சும். வாடகை, காப்பீடு, மோல்டின் தேய்மானம், திருப்பி அனுப்பும் பாகம் எல்லாம் அதிலிருந்து. பல பட்டறைகள் முதலாளியின் மணி நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அதனால் லாபம் இருப்பது போலத் தெரிகிறது.

முன்பணம் வருமானம் அல்ல, கடன். ஐந்தாவது வாடிக்கையாளரின் முன்பணத்தில் இரண்டாவது வாடிக்கையாளரின் குழாயை வாங்கத் தொடங்கிய நாளே சரிவு தொடங்கிவிட்டது. ஆர்டர் நிற்கும் மாதம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கடன்காரராவீர்கள். முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்த ஆர்டரின் பொருளுக்கு மட்டும் எடுங்கள். முன்பணம் வாங்கிய அன்றே அதற்குரிய வாட் கணக்கில் ஏறிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். 12 மாத விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம். அந்த எல்லையை ஒட்டி நிற்பவர்கள் விலையைத் தொடக்கத்திலேயே வாட்டோடு வையுங்கள்.

அதே நண்பர்: ‘நட் குறைகிறது’ என்று தினம் ஓர் அழைப்பு.

ஒரே பெரிய பையில் 400 போல்ட்டைக் கொட்டி அனுப்பினால் வரும். புத்தகத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பை, அதே எண். சரியாக எண்ணிய மாதிரிப் பையின் எடையை எழுதி, மற்றவற்றை 0.1 கிராம் காட்டும் தராசில் ஒப்பிடுங்கள். எம்6 வாஷர் ஒரு கிராம் அளவுதான், சமையலறைத் தராசு அதைத் தவறவிடும். நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) ஒரு முறைதான் நம்பகம், ஆகவே சஸ்பென்ஷன் பையில் ஒவ்வோர் அளவிலும் இரண்டு கூடுதல்.

ஸ்விண்டனிலிருந்து: பிரபலமான வடிவத்தை அப்படியே நகலெடுக்கலாமா?

செவன் உரிமையை 1973இல் கேட்டர்ஹாம் வாங்கியது. பின்னால் அந்த வடிவத்தை நெருங்கிப் போன வெஸ்ட்ஃபீல்டு நிறுவனம் 1980களில் சட்டச் சண்டைக்குப் பிறகு வடிவத்தை மாற்ற வேண்டியிருந்தது. மோல்டு செய்த பிறகு வக்கீலைப் பார்ப்பதைவிட முன்னால் பார்ப்பது மலிவு. பெயரும் சின்னமும் இன்னும் ஆபத்து.

கோயம்புத்தூரிலிருந்து: ஐயா, நம்ம ஊர்ல இதைச் செய்ய முடியுங்களா?

சாலை வண்டியாக, தனிநபர் கட்டி ஒற்றை வண்டிச் சோதனையில் பதிவு செய்வதற்கு ஐவிஏ போன்ற வழி இந்தியாவில் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 126இன்படி மாதிரி வண்டியைச் சோதனை மையத்தில் தேற வைக்க வேண்டும். ஒரகடத்திலுள்ள மையம் அதில் ஒன்று. இருபது வண்டி விற்பவருக்கு அந்தச் செலவு கட்டாது. பந்தயத் தடத்துக்கு மட்டும் என்றால் கதை வேறு. கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி வண்டி, குழாய்ச் சட்டத்தில் ஸ்விஃப்ட் 1.3 லிட்டர் எஞ்சின் வைத்ததுதான். ஜிக், மோல்டு, போல்ட் பை பற்றி மேலே சொன்னதெல்லாம் அங்கே அப்படியே பொருந்தும், பதிவெண் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.