கன உலோகம் கலந்த நிலத்தில் பயிரைத் தாங்க வைக்க முடியுமா?

கேள்வி: ஆலைக் கழிவு பாய்ந்த நிலத்தில் பயிர் தாங்கி வளர என்ன கொடுக்கலாம்?

கிணறு கெட்டுப்போன யாரோதான் இதைக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் நிலம் வாணியம்பாடிப் பக்கம், பாலாற்றை ஒட்டியது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் பாழானதாக 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறதே, அந்த வட்டாரம்.

பயிர் பச்சையாக நிற்கிறது என்பதற்காக அதைச் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது. சில செடிகள் உலோகத்தை வேரோடு நிறுத்திவிடும். சில, இலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்துக்கொண்டே செழிப்பாக வளரும். அப்படி வளர்வது கீரையாக இருந்தால்? அதனால் வேருக்குள் போகவிடாமல் உலோகத்தை மண்ணிலேயே கட்டிப்போடுவதுதான் முதல் வேலை.

அதற்கு எந்த உலோகம் என்று தெரிய வேண்டும். புளிப்பு மண்ணில் காட்மியம் இருந்தால் சுண்ணாம்பு உதவும். குரோமியத்துக்கு அதே வைத்தியம் செய்யாதீர்கள். சுண்ணாம்பு மண்ணைக் காரப் பக்கம் தள்ளும். ஹெக்ஸாவேலண்ட் குரோமியம், அதாவது ஆறு இணைதிறன் கொண்ட நச்சு வடிவம், கார மண்ணில் இன்னும் எளிதாக நகரும், கந்தகச் சத்து போகும் வழியிலேயே வேருக்குள் நுழையும். மக்கிய தொழுவுரம் அதை மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றும். அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரிதாக நகராது. நெல் வயலில் ஆர்சனிக் என்றால் காயவிட்டுப் பாய்ச்சச் சொல்வார்கள், ஆனால் அப்படிக் காயவிட்டால் நெல்லில் காட்மியம் ஏறும். அதனால்தான் பொதுவாக ஒரு மருந்து சொல்ல முடியவில்லை.

எங்கள் வயலை முதலில் கொன்றது உலோகம்கூட இல்லை, உப்பு. கோடையில் மண் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அப்பா கிணற்றுப் பாசனத்தை அடியோடு நிறுத்தினார், மழைத் தண்ணீரை மட்டும் நம்பினார். வருடா வருடம் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். தொழுவுரம் வண்டி வண்டியாகப் போனது. நாற்றங்காலில் வேம் (VAM) என்கிற, வேரோடு கூடி வாழும் பூஞ்சாணம் கலந்தோம், உப்பு தாங்கும் திருச்சி 3 ரக நெல் நட்டோம். நெல் நின்றது. பழைய விளைச்சல் வரவில்லை, ஆனாலும் நின்றது. கீரையும் கிழங்கும் அந்த மண்ணில் போடுவதே இல்லை.

தோல் ஆலைகளை மூடச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் சித்தப்பா குடும்பம் சாப்பிட்டதே அந்தச் சம்பளத்தில்தான். நான் வேளாண் பட்டதாரியும் இல்லை. ஆனால் பட்டதாரிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆராய்ச்சி என்று வந்து மண்ணும் நெல்லும் பையில் அள்ளிப்போனவர்களில் ஒருவர்கூட முடிவை எங்களுக்குச் சொன்னதில்லை. மோர் குடித்துவிட்டுப் போவார்கள், அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். அது எங்கள் மண் சார், எங்களுக்குத்தானே முதலில் தெரிய வேண்டும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மண்வள அட்டையில் குரோமியமோ ஈயமோ வராது. கன உலோகம் என்று தனியாகக் கேட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணோடு பாசனத் தண்ணீரையும் விளைந்த அரிசியையும் சேர்த்தே கொடுங்கள்.